ஒரே சர்வே எண், இரண்டு மண்: பழையாற்றங்கரையில் வெள்ளத்துக்குப் பின் வரைந்த ஒரு மண் வரைபடம்

ஒரே சர்வே எண்ணின் இரண்டு உட்பிரிவுகள், நடுவில் ஒரு வரப்பு. 2021 நவம்பர் வெள்ளம் வடிந்த பிறகு இரண்டு வயல்காரர்களும் மண் எடுத்து சோதனைக்குக் கொடுத்தார்கள். ஒருவருக்கு அங்ககக் கரிமம் (மண்ணில் மக்கிய பொருள் எவ்வளவு என்று காட்டும் அளவு) 'மிகுதி' என்று வந்தது, இன்னொருவருக்கு 'நடுத்தரம்'. அந்த இரண்டாவது ஆளின் வயலில் நாலு விரல் கனத்துக்கு ஆற்று மணல் கிடக்கிறது, கோரை கூட முளைக்கவில்லை, அதற்குப் பெயர் நடுத்தரமாம். ஆய்வகத்தைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பையில் போட்டுக் கொடுத்ததைத்தான் அவர்கள் சோதித்தார்கள், ஆனால் பையில் இருந்தது அந்த வயலில் எங்கேயுமே இல்லாத ஒரு மண்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். நெல்லுக்கு மண் மாதிரி எடுக்கும் ஆழம் 15 சென்டிமீட்டர். மேலே 8 சென்டிமீட்டர் மணல், அதில் கரிமம் 0.1 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் 7 சென்டிமீட்டர் பழைய வயல் மண், அதில் 1 சதவீதம். மணல் எடை கூடியது என்பதையும் சேர்த்துக்கொண்டு இரண்டையும் கலந்தால் 0.5-ஐ ஒட்டி வந்து நிற்கும். 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம் என்பதுதான் வழக்கமான அளவுகோல். ஆக, மேலே ஒன்றுமே இல்லாத மணல், கீழே அருமையான மண், அறிக்கையில் மட்டும் சுமாரான மண். இதை நம்பி உரம் போட்டால் போட்டது மணல் வழியாக இறங்கிப் போய்விடும்.

எங்கள் பத்தில் (வயல்வெளியை எங்கள் பக்கம் பத்து என்போம்) மண் வரைபடம் ஒன்று போட வேண்டும் என்று நாங்கள் சிலர் கிளம்பியதற்கு இந்த இரண்டு அறிக்கைகள்தான் காரணம். இந்தக் கட்டுரை முழுவதிலும் நான் சொல்லப்போவதும் ஒரே விஷயம்தான்: வெள்ளம் பட்ட நிலத்தைப் பட்டாவை வைத்துப் பிரிக்கக் கூடாது, தண்ணீர் அங்கே என்ன செய்துவிட்டுப் போனது என்பதை வைத்துப் பிரிக்க வேண்டும். வந்த மண்ணையும் இருந்த மண்ணையும் ஒரே பையில் போடவே கூடாது.

இடம்

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழையாறு கன்னியாகுமரி மாவட்டத்தில் சுருளோடு பக்கம் மலையடிவாரத்தில் தொடங்கி, பூதப்பாண்டி, தாழக்குடி, ஒழுகினசேரி, சுசீந்திரம் என்று நாஞ்சில் நாட்டின் நெல் வயல்களுக்கு நடுவே வந்து மணக்குடியில் கடலில் சேர்கிறது. வழியில் நாகர்கோவில் நகரத்தின் கழிவுநீரும் இதில்தான் கலக்கிறது, இதை மறந்துவிட வேண்டாம், பின்னால் தேவைப்படும். நான் சொல்லும் பத்து சுசீந்திரத்துக்குத் தெற்கே இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம், நிவாரணக் கணக்கு இன்னும் சிலருக்கு ஆறாத புண்.

இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் என்பதால் இங்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். நவம்பரில் கும்பப்பூ நடவு முடிந்து பயிர் சின்னதாக நிற்கும். 2021-இல் நவம்பர் இரண்டாவது வாரத்தில் பெய்த பெருமழையில் ஆறு, சானல், குளம் எல்லாம் ஒன்றாகிவிட்டன. நாகர்கோவில்–திருவனந்தபுரம் ரயில் பாதையிலேயே மண் சரிந்து வண்டிகள் நின்றன என்றால் வயல் எந்த நிலையில் இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் பத்தின் மேல்கரையில் ஆறு ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது.

வானத்திலிருந்து பார்த்தது

குழுவில் ஒரு தம்பிக்குக் கணினி வேலை தெரியும். செயற்கைக்கோள் படத்தை இறக்கினால் எங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடலாம் என்றான். படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, அதில் சந்தேகமில்லை. சாதாரணப் படம் எடுக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் வெள்ள நாட்களில் பயன்படாது, மேகம்தான் தெரியும். சென்டினல்-1 ரேடார் என்பதால் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும், அசையாமல் நிற்கும் தண்ணீர் அதில் கறுப்பாக விழும். ஒரு படப்புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். பத்து, இருபது சென்ட் வயல்களுக்கு அது கொஞ்சம் முரட்டு அளவுதான், ஆனாலும் சமாளிக்கலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நடவு முடிந்த நெல் வயலில் வெள்ளம் வராவிட்டாலும் தண்ணீர் நிற்கத்தானே செய்யும்? நாற்று சின்னதாக இருக்கும்போது நாம் கட்டிய தண்ணீரும் உடைத்து வந்த தண்ணீரும் ரேடாருக்கு ஒன்றுதான். வெள்ளத்துக்கு முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதிலும் பத்து முழுக்கக் கறுப்பு. அப்புறம் தென்னந்தோப்பு. அந்த ரேடார் அலை ஓலைக் கூரையைத் தாண்டி இறங்காது, தோப்புக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலும் படத்தில் காய்ந்த நிலம் மாதிரித் தெரியும். தென்னையும் நெல்லும் மாறி மாறி வரும் குமரி மாவட்டத்தில் இந்தப் படத்தை மட்டும் வைத்து வெள்ள வரைபடம் போட்டேன் என்று யாராவது சொன்னால், வரப்பில் நடந்து பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்தப் படத்தால் கிடைத்த ஒரே உபகாரம், மழை விட்ட பிறகும் கடைமடையில் தண்ணீர் எத்தனை வாரம் வடியாமல் நின்றது என்பது. அதற்கு அது நன்றாகவே உதவியது.

ஆகவே நடந்தோம். வருவாய்த் துறையின் புலப்படத்தைப் பெரிதாக அச்செடுத்து, கையில் போன் ஜிபிஎஸ், ஒரு நீளக் கம்பி, மண்வெட்டி. தண்ணீர் ஏறிய உயரத்துக்குச் சாட்சி எங்கும் இருந்தது: வேலியில் சிக்கிய வைக்கோல், தென்னை மரத்தில் சேற்றுக் கோடு, மோட்டார் ரூம் சுவரில் கறை. ஆனால் மண்ணுக்கு நேர்ந்ததைப் பொறுத்தவரை தண்ணீரின் உயரத்தை விட, அது எவ்வளவு வேகமாக வந்தது, எத்தனை நாள் நின்றது, எதைப் போட்டுவிட்டுப் போனது என்ற மூன்றும்தான் முக்கியம். இதை வயல்காரர்களைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது.

குழி வெட்டினால் தெரிவது

இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மண் மாதிரிக்கு எல்லோரும் 'வி' வடிவக் குழி வெட்டி, பக்கவாட்டில் சீவி எடுப்பார்கள். வெள்ளம் பட்ட வயலில் அதற்கு முன்னால் ஒரு முழ ஆழத்துக்குச் சதுரமாக வெட்டி, ஒரு பக்கத்துச் சுவரை மட்டமாகச் சீவி வைத்துக்கொண்டு சும்மா பார்க்க வேண்டும். உடைப்புக்குப் பக்கத்து வயலில் மேலே வெளுத்த மணல், அதன் அடியில் விரல் கனத்துக்குக் கறுத்து அழுகிய ஒரு வரி, அதற்கும் கீழே பழைய களிமண். அந்தக் கறுத்த வரி என்ன என்று முதலில் எங்களில் இளவட்டங்களுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற பாட்டா கையால் கிள்ளி எடுத்துக் காட்டினார், "நட்ட நாத்துல்லா மக்கா இது. இதுக்குக் கீழதான் நம்ம வயல், மேல கெடக்கது ஆத்துக்க சாமானம், பாத்துக்கிடுங்க" என்றார். அதற்கப்புறம் எங்களுக்கு அளவுகோல் வேறு தேவைப்படவில்லை. புதைந்த நாற்று எங்கே கிடக்கிறதோ அதுதான் வெள்ளத்துக்கு முந்தைய தரை. அதற்கு மேலே உள்ளது ஒரு பையில், கீழே உள்ளது இன்னொரு பையில். நாற்று கிடைக்காத இடத்தில் முந்தின போகத்துத் தாள்கட்டை கிடைக்கும், அதுவும் இல்லையென்றால் அங்கே மேல்மண்ணே அரித்துப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

இப்படிக் குழி குழியாகப் பார்த்து வந்ததில் பத்து தானாகவே நாலு துண்டாகப் பிரிந்தது. உடைப்பு வாயிலேயே கொஞ்சம் நிலம் குடைந்து போய், செம்மண் கலந்த அடிமண் வெளியே தெரிந்தது. அதைச் சுற்றி விசிறி போல மணல் விரிந்து கிடந்தது, உடைப்பிலிருந்து விலக விலகக் கனம் குறைந்தது. அதற்கு அடுத்த பெரும்பகுதியில் மெல்லிய எக்கல் (வண்டல்), காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்தது. இதைப் பார்த்துப் பயப்படத் தேவையே இல்லை, ஆறு தந்த எரு அது. நாலாவது, கடைமடை: தண்ணீர் வாரக்கணக்கில் நின்ற தாழ்வு. குழி வெட்டினால் நீலம் பாய்ந்த சாம்பல் நிறம், கூமுட்டை நாற்றம். காற்றுப் போகாமல் மண்ணில் கந்தகம் சல்பைடாக மாறிவிட்டது என்பதற்கு அதை விடச் சீக்கிரமான சோதனை கிடையாது, மூக்கு போதும்.

ஓடை வாய்ப் பக்கம் எக்கலோடு பிளாஸ்டிக்கும் சாக்கடைக் கசடும் சேர்ந்து வந்திருந்தன. அரசு தரும் மண்வள அட்டையில் 12 விஷயம் பார்ப்பார்கள்: தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், பி.எச்., மின்கடத்துதிறன், அங்ககக் கரிமம். நகரக் கழிவோடு வரக்கூடிய ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் அதில் வராது. அதற்குத் தனியே பணம் கட்டிச் சோதிக்க வேண்டும், பத்து முழுக்க அதைச் செய்வது வீண். கசடு படிந்த அந்தத் துண்டை மட்டும் வரைபடத்தில் கோடு போட்டு ஒதுக்கி, கீரையும் வெள்ளரியும் இப்போதைக்கு அங்கே வேண்டாம் என்று எழுதி வைத்தோம்.

பி.எச். சொன்ன பொய்

குமரி மாவட்டத்து மண் பெரும்பாலும் புளித்த மண், அதாவது பி.எச். ஏழுக்குக் கீழே உள்ள அமில மண், மழை கழுவிக் கழுவிச் சுண்ணாம்புச் சத்து போய்விடும். வெள்ளம் வடிந்த கையோடு ஒருவர் ஈர மண்ணில் கையடக்கக் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, முன்பு ஐந்தாக இருந்தது இப்போது ஆறரைக்கு வந்துவிட்டது, வெள்ளம் நிலத்தைத் திருத்திவிட்டது, இனி சுண்ணாம்பு வேண்டாம் என்று குரூப்பில் குரல் பதிவு போட்டுவிட்டார். அது காட்டுத்தீயாகப் பரவியது. உண்மையில் நடப்பது என்னவென்றால், அமில மண் நீரில் மூழ்கிக் காற்று அற்றுப் போகும்போது அதிலுள்ள இரும்பு ஆக்சைடுகள் ஆக்சிஜனை இழந்து (இதைத்தான் ஒடுங்குவது என்பார்கள்), அந்த வினையில் அமிலம் செலவாகிறது, அதனால் பி.எச். நடுநிலையை நோக்கி ஏறும். நிலம் காய்ந்து காற்று புகுந்ததும் அதே வினை திரும்பி நடக்கும், பி.எச். பழைய இடத்துக்கே இறங்கும். ஆய்வகத்தில் மண்ணை நிழலில் உலர்த்திச் சலித்த பிறகு பார்ப்பதால் அவர்கள் எண் குறைவாக வரும். கருவியும் தப்பில்லை, ஆய்வகமும் தப்பில்லை, இரண்டும் வேறு வேறு நிலையிலுள்ள மண்ணை அளக்கின்றன.

இதில் முடிவு பயிரைப் பொறுத்தது. தண்ணீர் கட்டி நெல்லே போடுகிறவருக்கு அந்த ஏற்றம் உண்மையிலேயே கிடைக்கும், பெரிய கவலை இல்லை. நெல்லுக்கு வெள்ளம் வராமல் இருந்தால்தானே என்று வெறுத்துப்போய் வாழையோ மரச்சீனியோ (மரவள்ளி) வைக்க நினைக்கிறவருக்கு, காய்ந்த மண்ணின் எண்தான் எண். அவர் சுண்ணாம்பு போட்டே ஆக வேண்டும்.

அப்படி மாறுகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது. நீண்ட நாள் மூழ்கிக் கிடந்த நிலத்தில் வேருக்கு மணிச்சத்தை எடுத்துக் கொடுக்கும் வேர்ப்பூஞ்சைகள் செத்துக் குறைந்துவிடும். கூடவே, ஒடுங்கிய இரும்பு காய்ந்ததும் புதிதாக ஆக்சைடாகி மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மரச்சீனி இந்தப் பூஞ்சையை ரொம்பவே நம்பி வாழ்கிற பயிர். ஆக சோதனையில் மணிச்சத்து போதும் என்று வந்தாலும், முதல் தடவை நடும்போது குழியிலேயே கொஞ்சம் கொடுத்துவிடுவது நல்லது. அறிக்கையில் மணிச்சத்தை எந்த முறையில் பார்த்தார்கள் என்றும் கேளுங்கள், அமில மண்ணுக்குப் பிரே முறை, கார மண்ணுக்கு ஓல்சன் முறை, இரண்டின் எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. தழைச்சத்துக்கு நான் சோதனையே வேண்டாம் என்பேன், வெள்ளத்தில் நைட்ரேட் கரைந்தும் வாயுவாக மாறியும் போயிருக்கும், இல்லை என்றே வைத்துக்கொண்டு பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். கடைமடைக்குத் துத்தநாகம் அவசியம், ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் என்ற வழக்கமான அளவு போதும், ஆனால் அதற்கு முன்னால் தண்ணீரை வடித்து, கூமுட்டை நாற்றம் போகும்வரை நிலத்தைக் காயவிட வேண்டும்.

மணலுக்கு விலை

ஒரு ஏக்கரில் ஒரே ஒரு சென்டிமீட்டர் மணல் என்றால் சுமார் 40 கன மீட்டர், நம் ஊர்க் கணக்கில் 14 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). இதைத் தெரிந்துகொண்டால் பாதி சண்டை தீர்ந்துவிடும்.

பேரிடர் நிவாரண விதிமுறையில் பயிர்ச் சேதம் தனி, நிலத்தில் படிந்த மணலை அகற்றுவது தனி. இந்த இரண்டாவது இனம் பலருக்குத் தெரியவே தெரியாது. படிவின் கனம் 3 அங்குலத்துக்கு மேல் இருந்து, அதை உரிய அதிகாரி சான்று செய்தால், அப்போது இருந்த விதிப்படி ஹெக்டேருக்கு 12,200 ரூபாய். 2022-இல் வந்த விதியில் 18,000. மூன்று அங்குலம் என்றால் ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 109 யூனிட் மணல், பழைய தொகையில் ஒரு யூனிட்டை அள்ள 45 ரூபாய் கிடைக்கும், புதிய தொகையில் 67. அந்தக் காசுக்கு ஜேசிபிக்காரர் வண்டியைச் சாலையிலிருந்து இறக்கக் கூட மாட்டார். இருந்தாலும் கனத்தை அளந்து, அளவுகோலோடு போட்டோ எடுத்து, உட்பிரிவு எண்ணோடு பதிந்து வைத்தவர்கள் கேட்க முடிந்தது. அளக்காமலே உழுது கலக்கிவிட்டவர்களிடம் காட்ட ஒன்றும் இல்லை. மணலை நிலத்தை விட்டு வெளியே கொண்டுபோவதென்றால் கனிமவளத் துறை அனுமதி என்று அடுத்த வாசல் வேறு நிற்கிறது, அதையும் கணக்கில் வையுங்கள்.

அப்படியானால் மணலை என்ன செய்வது? அமெரிக்காவில் 1993 பெருவெள்ளத்துக்குப் பிறகு சொல்லப்பட்ட பொதுவிதி ஒன்று உண்டு: 2 அங்குலம் வரை சாதாரண உழவிலேயே கலந்துவிடலாம், அதற்கு மேல் 8 அங்குலம் வரை ஆழ உழவு, அதையும் தாண்டினால் பரப்பி விட வேண்டும் அல்லது அள்ள வேண்டும். மக்காச்சோளம் விளையும் நிலத்துக்குச் சொன்னது அது. நெல் வயலில் ஆழ உழவு போட்டால், தலைமுறை தலைமுறையாகச் சேற்றுழவு அடித்து இறுகிப்போன அடித்தகடு உடைந்துவிடும், அப்புறம் சானலில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் வயலில் நிற்காது. அதனால் 2 அங்குலம் வரைக்கும்தான் நாங்கள் அந்த விதியை எடுத்துக்கொண்டோம். அதற்கு மேற்பட்ட மணல் விசிறிப் பகுதியில், அள்ள முடிந்தவர்கள் உடைப்புக் குழியை நிரப்பவும் வண்டித்தடம் உயர்த்தவும் அந்த மணலையே பயன்படுத்தினார்கள், முடியாதவர்கள் நெல்லை விட்டுவிட்டுத் தென்னங்கன்று வைத்தார்கள். தென்னைக்கு மணல் கெடுதல் இல்லை.

வரைந்தது

கடைசியில் படம். மாதிரி எடுத்த புள்ளிகளைக் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, கிரிகிங் மாதிரி ஏதாவது ஒரு முறையில் இடைவெளியை நிரப்பச் சொன்னால் அழகாக நிறம் கரைந்து கரைந்து போகும் படம் ஒன்றைத் தந்துவிடும். அரசு அலுவலகத்தில் காட்டுவதற்கு அது எடுப்பாக இருக்கும். ஆனால் வெள்ளம் அப்படிக் கரைந்து போகவில்லை. உயர்ந்த வண்டித்தடம் ஒன்று குறுக்கே இருந்ததால் அதன் ஒரு பக்கம் முழங்கை ஆழ மணல், மறுபக்கம் வெறும் எக்கல். கணினிக்குத் தடம் இருப்பது தெரியாது, இரண்டுக்கும் நடுவே அரைகுறை மணல் என்று ஒரு பட்டையைத் தானே கற்பனை செய்து வரைந்துவிடும். அதனால் அந்த வழி வேண்டாம் என்று, வரப்பும் தடமும் ஓடையும் பார்த்துக் கையால் எல்லை வரைந்தோம். ஒவ்வொரு துண்டுக்கும் மேல்படிவின் கனம், அடிமண் சோதனை முடிவு, தண்ணீர் நின்ற காலம், இந்த மூன்று மட்டும். மண்வள அட்டைத் திட்டத்தில் பாசன நிலத்துக்கு இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பது கணக்கு. இருபது சென்ட் வயல்களாகப் பார்த்தால் அதற்குள் முப்பது வயல் அடங்கும். சாதாரண வருடத்தில் அது போதும், உடைப்பு நடந்த வருடத்தில் எந்த மூலைக்கும் உதவாது.

உப்பு பற்றிச் சொல்லாமல் விட்டால் கடைமடைக்காரர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். 2004 டிசம்பர் 26-இல் மணக்குடிப் பாலத்தையே சுனாமி அடித்துக்கொண்டு போன பகுதி இது, அதனால் வெள்ளம் என்றாலே வயலில் உப்பேறிவிட்டது என்ற பயம் முதலில் வரும். அப்போது வந்தது கடல். 2021-இல் வந்தது ஆறு, அது இருந்த உப்பையும் கழுவிக்கொண்டு போனது. டிசம்பரில் எடுத்த மாதிரிகளில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் 1-க்குக் (மீட்டருக்கு டெசிசீமென்ஸ் கணக்கில்) கீழேயே இருந்தது, தீங்கில்லாத அளவு. யாரோ சொன்னார்கள் என்று ஜிப்சம் வாங்கி வைத்திருந்தவர்களைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னோம். ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கான மருந்து, பி.எச். எட்டரையைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சே.

ஆனால் அதோடு முடியவில்லை. ஆற்றின் கீழ்க்கரையிலும் அங்கங்கே பலவீனப்பட்டிருந்தது. மழைக்காலத்தில் ஆற்று நீரின் தள்ளலில் கடல் உள்ளே வராது, ஆற்றில் ஓட்டம் குறைந்த மார்ச், ஏப்ரலில் ஓதம் ஏறும்போது மணக்குடிக் காயலிலிருந்து உவர்நீர் அந்தக் கரை வழியாகக் கசிந்தது. கன்னிப்பூவுக்கு நிலம் தயார் செய்யும் நேரத்தில் ஓரத்து வயல்களில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தது. நவம்பர் வெள்ளத்தின் உப்பு ஏப்ரலில்தான் வயலுக்கு வந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். அதனால் அந்த ஓரத்துக்கு மட்டும் வரைபடத்தில் தேதி போட்டு இரண்டாவது முறை மாதிரி எடுத்தோம், கரையை அடைக்கச் சொல்லி மனு கொடுக்க அந்த இரண்டு தேதிகளின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கரை அடைபடும்வரை அந்த வயல்களில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது, சானல் தண்ணீர் கிடைக்கும்போது நிறையக் கட்டி வடிப்பது என்று ஓட்டுகிறார்கள். கோடை முடியும் முன் ஒவ்வொரு வருடமும் அந்த ஓரத்தில் மின்கடத்துதிறன் மட்டும் பார்த்தால் போதும், மற்றவற்றை வருடா வருடம் சோதிக்கத் தேவையில்லை.